ஆட்டுப்பட்டியும் கயோட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஐந்து பத்து ஏக்கர் வாங்கி, நாலு ஆடு, இருபது கோழி என்று ஆரம்பிக்கும் நம்மவர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். முதல் வருடமே அவர்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: இந்தக் கயோட்டியை என்ன செய்வது? நான் மத்திய டெக்சஸில் பன்னிரண்டு ஏக்கரில் ஒன்பது வருடமாக வெள்ளாடு வளர்க்கிறேன். குட்டிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். ஆத்திரத்தில் தப்பான காரியம் செய்யக் கிளம்பி, கடைசி நேரத்தில் நின்றும் இருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கயோட்டிக்கு என்று வைத்ததில் வேறு உயிர் மாட்டிச் சாகக் கூடாது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

கயோட்டி என்பது நம்ம ஊர் நரிதானே?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும், இரண்டும் நெருங்கிய சொந்தமும்கூட. ஆனால் இது கொஞ்சம் பெரிது. மேற்கு மாநிலங்களில் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். கிழக்கே இன்னும் கனம், அங்குள்ளவற்றில் ஓநாய் ரத்தமும் நாய் ரத்தமும் கலந்திருக்கின்றன. எலி, முயல், செத்த மான், வெட்டுக்கிளி, மெஸ்கீட் காய், பெர்சிமன் பழம், தர்பூசணி என்று எதையும் தின்னும். ஆடு அதற்கு அன்றாடச் சாப்பாடு இல்லை. ஆனால் சுலபமாகக் கிடைத்தால் விடாது.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஜோடி சேரும், அறுபது நாள் சொச்சம் சினை, ஏப்ரல் மே வாக்கில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கு இரை தேடி அலையும் வசந்தமும் கோடையும்தான் நம் குட்டிகளுக்கு மோசமான காலம். யூட்டாவில் சில ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து விட்டுப் பார்த்தார்கள். அவை தங்கள் எல்லையை விட்டுப் போகவில்லை, ஆனால் செம்மறிக் குட்டிகளைக் கொல்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. வளர்க்கக் குட்டி இல்லையென்றால் அவ்வளவு பெரிய இரைக்கு வேலை இல்லை.

ராத்திரியில் இருபது முப்பது சேர்ந்து ஊளையிடுகின்றனவே, அவ்வளவு கூட்டமா?

இல்லை. இரண்டு கயோட்டி சேர்ந்து கத்தினாலே ஏழெட்டு கத்துவது போலக் கேட்கும். ஒவ்வொன்றும் குரலை மாற்றி மாற்றிக் கத்தும், அது பாறையிலும் மரத்திலும் பட்டு எதிரொலிக்கும். பெரும்பாலும் அது ஒரு தாய், ஒரு தகப்பன், போன ஈற்றில் பிறந்து இன்னும் பிரியாத பிள்ளைகள். பக்கத்துக் குடும்பத்துக்கு ‘இது எங்கள் இடம்’ என்று சொல்கிறார்கள். ஊளை கேட்டது என்பதற்காகவே பயப்பட வேண்டாம்.

காலையில் போய்ப் பார்த்தால் குட்டி செத்துக் கிடக்கிறது. கயோட்டி வேலைதான் என்று எப்படித் தெரியும்?

இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

என் முதல் குட்டி செத்த அன்று, கயோட்டிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர், நாற்பது வருடம் ஆடு வளர்த்தவர், வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்துக் குட்டியின் கழுத்துத் தோலைத் தாடையிலிருந்து கீழ்நோக்கி உரித்தார். தோலுக்கு அடியில் சதை வெளிறி, சுத்தமாக இருந்தது. ஒரு துளி ரத்தம் கட்டவில்லை. “இது பிறந்த கொஞ்ச நேரத்தில் தானாகச் செத்திருக்கிறது. தின்றது வேண்டுமானால் கயோட்டியாக இருக்கலாம், கொன்றது அது இல்லை” என்றார். உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். செத்த பிறகு எவ்வளவு கடித்தாலும் கட்டாது. அன்றிலிருந்து செத்த குட்டி எதுவானாலும் தோலை உரித்துப் பார்க்காமல் நான் யார் மேலும் பழி போடுவதில்லை.

கயோட்டி கொன்றிருந்தால் பெரும்பாலும் தொண்டையில், தாடைக்குக் கீழே பல் பதிந்திருக்கும். மூச்சு முட்டித்தான் ஆடு சாகும். அப்புறம் விலாவுக்குப் பின்னால் வயிற்றைக் கிழித்துத் தின்ன ஆரம்பிக்கும். மிகச் சின்னக் குட்டியாக இருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும்.

நாய் என்றால் அடையாளம் வேறு. தொடை, காது, வால், விலா என்று கண்ட இடத்திலும் கடி இருக்கும். ஒரே ராத்திரியில் ஐந்தாறு ஆடு குதறப்பட்டிருக்கும், எதையும் சரியாகத் தின்றிருக்காது. இது பெரும்பாலும் பக்கத்து வீட்டு நாய்தான், பகலில் உங்களிடம் வாலாட்டும் அதே நாய். கால்தடமும் சொல்லும்: கயோட்டித் தடம் நீள்வட்டமாக, முன் நகங்கள் இரண்டும் நெருங்கி, வரிசை ஒரே கோடாகப் போகும். நாய்த் தடம் அகன்று, அங்குமிங்கும் அலையும்.

பிறந்த குட்டியின் கண்ணும் நாக்கும் தொப்புளும் கொத்தப்பட்டிருந்தால் கருங்கழுகுக் கூட்டம். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, தொடக் கூடாது. மேலே மண்ணும் சருகும் மூடிக் கிடந்தால் பாப்கேட் என்னும் காட்டுப்பூனையாக இருக்கலாம். சுவடே இல்லாமல் குட்டி மறைந்து, பக்கத்தில் நிலம் உழுதது போலக் கிளறியிருந்தால் காட்டுப்பன்றியைச் சந்தேகிக்கலாம். யார் என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

பேசாமல் சுட்டுத் தள்ளிவிட்டால் என்ன? டெக்சஸில் சட்டம் அனுமதிக்கிறதே?

ஆமாம், இங்கே கயோட்டிக்கு மூடிய பருவம், அதாவது சுடக் கூடாத காலம், என்று ஒன்று கிடையாது. ஆனால் பலன் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு மட்டும் 2018இல் சுமார் 68,000 கயோட்டிகளைக் கொன்றது. நூறு வருடத்துக்கு மேலாக இப்படிக் கொன்றுகொண்டே இருக்கிறார்கள். அந்த நூறு வருடத்தில்தான் கயோட்டி மேற்குப் புல்வெளியிலிருந்து கிளம்பி, ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் குடியேறி, தெற்கே பனாமா வரை போய்ச் சேர்ந்தது.

காரணம் அதன் குடும்ப அமைப்பு. ஒரு எல்லைக்குள் சாதாரணமாக ஒரு ஜோடிதான் குட்டி போடும். அந்த ஜோடியைக் கொன்றால் குடும்பம் சிதறும். அடங்கியிருந்த இளசுகளும் ஜோடி சேரும், இரைக்குப் போட்டி குறைவதால் பிறந்த குட்டிகளில் அதிகம் பிழைக்கும், காலியான இடத்துக்கு வெளியிலிருந்து ஊர் சுற்றிகள் வந்துவிடும். 1975இல் கலிபோர்னியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வருடா வருடம் நான்கில் மூன்று பங்கைக் கொன்றாலும், அடியோடு ஒழிய ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேற்கு டெக்சஸில் ஒரு நிலப்பகுதியில் கயோட்டிகளைக் குறைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 1999இல் வெளிவந்த ஆய்வு அது. பெருமுயல்கள் பெருகிவிட்டன, நரியும் பாப்கேட்டும் பேட்ஜரும் கூடின, பலவகை எலிகள் இருந்த இடத்தில் ஒரே வகைதான் பொறியில் விழுந்தது. பெருமுயல் பெருகினால் அது தின்பது உங்கள் ஆட்டுக்கான புல்.

உங்கள் நிலத்தைச் சுற்றி ஒரு ஜோடி இருந்து, அது எலியும் முயலும் பிடித்துக்கொண்டு ஆட்டைத் தொடாமல் இருந்தால், அதை விட்டுவையுங்கள். மற்றக் கயோட்டிகளை உள்ளே விடாமல் உங்களுக்காகக் காவல் காப்பது அதுதான்.

விஷம் வைக்கலாமா?

கூடாது. யார் என்ன சொன்னாலும் கூடாது.

விஷம் வைத்த இறைச்சியை யார் தின்பார்கள் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. கழுகு, பாப்கேட், ஸ்கங்க், ரக்கூன், அடுத்த வீட்டு நாய், நம் வீட்டு நாய் எல்லாம் வரும். அதைத் தின்று செத்ததைத் தின்பதும் சாகும். இந்தக் காரணத்துக்காகத்தான் 1972இல் அதிபர் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் கொன்றுண்ணிகளுக்கு விஷம் வைப்பதைத் தடை செய்தார். பின்னால் எம்-44 என்னும் சயனைடுக் கருவி மட்டும் திரும்ப வந்தது. தரையில் ஊன்றி, மணமுள்ள ஒன்றைத் தடவி வைப்பார்கள். இழுத்தால் வாயில் சயனைடு பீய்ச்சும். 2017இல் ஐடஹோவில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவில் நாயோடு நடந்த பதினாலு வயதுப் பையன், அது என்னவென்று தெரியாமல் தொட்டுவிட்டான். பையன் பிழைத்தான். நாய் அவன் கண் முன்னால் செத்தது. ஓரிகன் 2019இல் அதைத் தடை செய்தது. மத்திய நில மேலாண்மைத் துறையும் 2023இல் தன் நிலங்களில் நிறுத்தியது.

இதோடு எலி மருந்தையும் சேர்த்துச் சொல்கிறேன். புரோடிஃபேக்கம் மாதிரி ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடிக்கும் ஆந்தைக்கும் பருந்துக்கும் பாப்கேட்டுக்கும் அந்த விஷம் போகும். தீவனத்தை மூடி போட்ட தகர டிரம்மில் வைத்தால் எலித் தொல்லையில் பாதி போய்விடும்.

கண்ணியும் காலைப் பிடிக்கும் பொறியும்?

நான் வைப்பதில்லை. வேலி ஓட்டையில் சுருக்குக் கண்ணி வைத்தால் அந்த வழியாக வரும் மான்குட்டி, பாப்கேட், பேட்ஜர், காவல் நாய் எதுவும் மாட்டும். வட கரோலினாவின் கிழக்குக் கோடியில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உலகத்திலேயே அங்கேதான் சிவப்பு ஓநாய் காட்டில் மிஞ்சியிருக்கிறது, அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் கயோட்டி என்றே தோன்றும். கயோட்டி என்று நினைத்து ஓநாயைச் சுட்டுவிடுகிறார்கள் என்பதால் 2014இல் நீதிமன்றம் அந்த ஓநாய் இருக்கும் ஐந்து கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கயோட்டி வேட்டையையே நிறுத்தியது.

உயிரோடு பிடித்து, தூரத்தில் கொண்டுபோய் விட்டால் பாவம் இல்லையே?

மனசு நல்லதுதான், ஆனால் டெக்சஸில் கயோட்டியை உயிரோடு ஏற்றிச் செல்வது குற்றம். ரேபிஸ் பரவக் கூடாது என்று போட்ட சட்டம். புது இடத்தில் விட்டாலும் அங்கிருக்கும் குடும்பம் அதை விரட்டும், அது ரோடு ரோடாக அலைந்து அடிபடும்.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

நிலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், கயோட்டி மூக்கோடு. செத்த ஆடு எங்கே கிடக்கிறது? ஈன்ற இடத்தில் நஞ்சுக்கொடி கிடக்கிறதா? நாய்ச் சோறு ராத்திரி முழுக்க வெளியில் இருக்கிறதா? மரத்தடியில் பழம் அழுகிக் கிடக்கிறதா?

செத்த ஆட்டை ஓடைக்கரையில் இழுத்துப் போடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். கயோட்டிக்கு ஆட்டிறைச்சி ருசியைப் பழக்குவது அதுதான். ஆழமாகப் புதையுங்கள், அல்லது மரத்தூளும் வைக்கோலும் கனமாக மூடி எருவாக்குங்கள்.

அப்புறம், ஈற்று நேரம். ஆடுகள் எல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈனும்படி கிடாவைச் சேர்த்தால், காவல் காக்க வேண்டிய நாட்கள் குறையும். ஈனும் ஆட்டையும் சின்னக் குட்டிகளையும் இரவில் கொட்டிலில் அடையுங்கள். வேறு ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வேலி எப்படி இருக்க வேண்டும்?

கயோட்டி தாவுவதைவிட நுழைவதைத்தான் விரும்பும். எல்லோரும் உயரத்தைப் பார்க்கிறார்கள், நீங்கள் தரையைப் பாருங்கள்.

எனக்கு இது புரிந்தது வேலிக் கேட் ஒன்றினால். ஐந்தரை அடி வலை வேலி போட்டு நிம்மதியாக இருந்தேன். பெரிய மழையில் கேட்டுக்கு அடியில் மண் அரித்து ஒரு சாண் பள்ளம் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. ஒரு வாரத்தில் இரண்டு குட்டி போனது. அப்புறம் மண்டியிட்டுப் பார்த்தபோது கேட்டின் கீழ்க்குழாயில் சாம்பலும் பழுப்புமாக மயிர் ஒட்டியிருந்தது, அடியில் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. பழைய ரயில் கட்டை ஒன்றைப் பாதி புதைத்து வைத்தேன். அந்த வழி அன்றோடு மூடியது.

வலை வேலி ஐந்தரை அடி, கண் ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கொம்புள்ள ஆடு என்றால் நாலு அங்குலக் கண் நல்லது, ஆறில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க நிற்கும். அப்படி நிற்கும் ஆட்டைக் கொல்லக் கயோட்டி அலைய வேண்டியதே இல்லை. தோண்டாமல் இருக்க, அடியில் ஒன்றேகால் அடி வலையை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படிய வையுங்கள். அதோடு வெளிப்பக்கம் மூக்கு உயரத்தில் ஒரு மின்கம்பி ஓடினால், முகர வந்த கயோட்டி ஒரு தடவை வாங்கினால் அந்தப் பக்கம் வராது.

மற்ற உயிர்களை இங்கேயும் நினைக்க வேண்டும். தரையை ஒட்டி ஓடும் மின்கம்பியில் ஆமை மாட்டினால் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளுமே தவிர ஓடாது, அங்கேயே செத்துவிடும். மின்வலையில் பாம்பு சிக்கும். ஆகவே பன்னிரண்டு ஏக்கரையும் நான் அடைக்கவில்லை. ஈற்றுப்பட்டியும் இரவுப் பட்டியுமாக ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் கெட்டியான வேலி. ஓடைப் பக்கம் திறந்தே இருக்கிறது, மான் வந்து போகிறது.

காவல் நாய் உண்மையிலேயே உதவுமா?

நன்றாகப் பழகிய நாய்க்கு ஈடு எதுவும் இல்லை. கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட், அக்பாஷ் மாதிரி இனங்களை 1970களிலிருந்து அமெரிக்காவில் இதற்காகவே வளர்க்கிறார்கள். இவை ஆடு மேய்க்கும் நாய்கள் இல்லை. ஆட்டோடு ஆடாக வாழும் நாய்கள். கயோட்டியைக் கொல்வதும் அவற்றின் முக்கிய வேலை இல்லை. குரைத்து, மூத்திரத்தால் எல்லை போட்டு, குறுக்கே நின்று, ‘இங்கே வேண்டாம்’ என்று தெரிவிப்பதுதான் வேலை.

எட்டு வாரக் குட்டியிலேயே ஆடுகளின் நடுவே விட வேண்டும். முதல் ஒன்றரை இரண்டு வருடம் அது விளையாட்டுப் பிள்ளை. ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும். அந்த வயதில் நாயைக் குறை சொல்லித் தள்ளிவிடுபவர்கள் அதிகம், பொறுங்கள். ஒன்றைவிட இரண்டு நல்லது. ஒன்று தனியாகப் போனால் கயோட்டிகள் ஆட்டம் காட்டி இழுத்துப் போகும். ரேபிஸ் ஊசி தவறக் கூடாது. நாயை வேலிக்குள் நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு, வெளியே திரிந்தால் மான்குட்டியைக் கொல்வது அதுவாக இருக்கும்.

கழுதை, லாமா வைத்தால்?

கழுதைக்கு நாய்ச் சாதியைக் கண்டாலே பிடிக்காது. பெட்டையோ காயடித்ததோ ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று துணையாகி ஆட்டை மறந்துவிடும். முழு ஆண் கழுதை குட்டியையே மிதித்துக் கொல்லும், வேண்டாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆட்டுத் தீவனம் சிலவற்றில் மொனென்சின் கலந்திருக்கும். ஆட்டுக்கு அது மருந்து, கழுதைக்கு எமன், நாய்க்கும் ஆகாது. மூட்டையில் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் போடாதீர்கள்.

லாமா ஒட்டகச் சாதி. காயடித்த ஆண் ஒன்று வைத்தால் மந்தையோடு ஒட்டிக்கொள்ளும். டெக்சஸ் வெயில் அதற்குக் கஷ்டம்.

மினுக்கும் விளக்கு, ரேடியோ, சிவப்புக் கொடி எல்லாம் பலிக்குமா?

கொஞ்ச நாளைக்குப் பலிக்கும். ஈற்று நேரத்தில் அந்தக் கொஞ்ச நாள் போதும் என்பதால் நானும் வைக்கிறேன். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கயிற்றில் கொடி தொங்கவிடும் முறை ஓநாய்க்காக ஐரோப்பாவில் வந்தது. ஓநாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி போதும், கயோட்டி அதற்குள் புகுந்துவிடும். ஓர் அடிக்கும் குறைவாகக் கட்டுங்கள். ஈற்று முடிந்ததும் கழற்றிவிடுங்கள், பழகிவிட்டால் அடுத்த வருடம் மதிக்காது.

கோழிக்கு?

கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வருபவனைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள கனத்த கம்பி வலை போடுங்கள். இருட்டுவதற்கு முன் கதவைச் சாத்துங்கள்.

பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்கள். மனிதரைத் தாக்குமா?

வட அமெரிக்கா முழுக்கச் சேர்த்துப் பதிவான மரணங்கள் இரண்டு: 1981இல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓர் இளம்பெண். அதற்காக மெத்தனம் வேண்டாம். மனிதரிடம் தீனி வாங்கிப் பழகியதுதான் பெரும்பாலும் தொந்தரவு செய்யும். ஒருபோதும் சோறு போடாதீர்கள். கிட்டே வந்தால் ஓடக் கூடாது. கையைத் தூக்கி, சத்தம் போட்டு, அது போகும் வரை விரட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். சின்ன நாய் வைத்திருப்பவர்கள் அந்தி நேரத்தில் அதைத் தனியாக விடக் கூடாது.

ரேபிஸ் பற்றி ஒரு நல்ல செய்தி. தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடையே பரவிய நாய் ரேபிஸுக்கு, 1995 முதல் தடுப்பு மருந்து வைத்த தீனியை விமானத்திலிருந்து போட்டார்கள். அந்த வகை ரேபிஸ் அங்கே ஒழிந்தது. 2007இல் அமெரிக்கா முழுக்கவே நாய் ரேபிஸ் இல்லை என்று அறிவித்தார்கள். கயோட்டிகளைக் கொன்று ஒழிக்காமல் தீனி கொடுத்தே சாதித்த காரியம் இது. ஸ்கங்க், நரி வகை ரேபிஸ் இன்னும் உண்டு, ஆகவே ஊசி போடுவதை விடக் கூடாது.

முடியெல்லாம் கொட்டி, பேய் மாதிரி ஒன்று பகலில் வருகிறது. அது என்ன?

சொறி பிடித்த கயோட்டி. 2007இல் டெக்சஸின் குவேரோவில் இப்படி ஒன்று செத்துக் கிடந்தபோது, ஆட்டின் ரத்தம் குடிக்கும் சூப்பாகாப்ரா என்று ஊரே பேசியது. டிஎன்ஏ சோதனையில் கயோட்டி இனம் என்று தெரிந்தது. வேட்டையாடத் தெம்பில்லாமல்தான் வீட்டுப் பக்கம் வருகிறது. தொடாதீர்கள், நாயையும் அண்ட விடாதீர்கள், வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் ஒன்று மட்டும் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

நடக்கும். கலிபோர்னியாவின் ஹாப்லண்டில் பார்த்தபோது, ஆட்டைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லைக்குரிய மூத்த ஜோடிதான். பொறியிலும் துப்பாக்கியிலும் சுலபமாக மாட்டுவதோ அனுபவமில்லாத இளசுகள், குற்றம் செய்யாதவை. ஆகவே பத்தைக் கொன்றாலும் குட்டி போவது நிற்காமல் போகலாம்.

முதலில் தானியங்கிக் கேமரா வைத்து எந்த வழியாக, எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை அடைக்க மறந்த ஓர் ஓட்டை தெரியவரும். அதையும் அடைத்து, அதன் பிறகும் குறிப்பாக ஒன்றுதான் வருகிறது என்று உறுதியானால், அந்த ஒன்றை மட்டும், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, குறி தவறாதவர் ஒருவர் பகல் வெளிச்சத்தில் இது கயோட்டிதான் என்று நன்றாகப் பார்த்துச் சுடுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் ஒரே ஒரு தடவை அந்த முடிவுக்கு வந்தேன். சுட வருவதாகச் சொன்னவர் வருவதற்கு முந்தின இரவு, கேமராவில் வேலியின் வடமேற்கு மூலை தெரிந்தது. சாய்ந்து கிடந்த சீடர் மரத்தின் மேலேறி உள்ளே குதித்துக்கொண்டிருந்தது. காலையில் மரத்தை வெட்டினேன், அவரை வர வேண்டாம் என்று போன் செய்தேன்.